மாத்திரை வேலை செய்தது. அப்படியென்றால் எனக்கு ஏடிஹெச்டிதானா?

நோட்டுத் தாளில் பதினோரு பக்கம் எழுதிய கடிதம் ஒன்று வந்திருக்கிறது. எழுதியவர் காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் 37 வயதுப் பெண். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை நானும் மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சுருக்கம் இது.

அவர் எம்.காம். முதல் வகுப்பில் தேறியவர். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. ஒன்பது வயதில் ஒரு மகள். ஆறு வருடமாக வீட்டிலேயே பலகாரம் செய்து ஆர்டருக்குக் கொடுக்கிறார். சீப்புச் சீடை, தேன்குழல், மாவுருண்டை என்று எதிலும் அவர் கைப்பக்குவத்தைக் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் ஓர் அறுபதாம் கல்யாண ஆர்டரை அடுத்த வாரத் தேதி என்று நினைத்துக்கொண்டிருந்தார். விசேஷ வீட்டுக்காரர்கள் வாசலில் காரை நிறுத்தியபோது மாவுகூட இடித்திருக்கவில்லை. எண்ணெயை அடுப்பில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனதில் இரண்டு முறை சமையற்கட்டு முழுக்கப் புகை. கையில் காசு இருந்தும் பில் கட்டாமல் மூன்று முறை கரண்ட்டைத் துண்டித்திருக்கிறார்கள். நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குச் செய்ய வேண்டிய முறையை ஒருதரம் மறந்துவிட்டார். "வேணும்னே செஞ்சா" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை.

சென்னையில் இருக்கும் தம்பி மகனுக்குப் போன வருடம் ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைத் துடிப்புக் கோளாறு) என்று சொன்னார்கள். மருத்துவர் கேட்ட கேள்விகளைத் தம்பி மனைவி சொல்லச் சொல்ல, "என்னயப் பத்தியே கேட்ட மாதிரி இருந்துச்சு" என்று எழுதுகிறார். அப்புறம் இரவெல்லாம் வீடியோக்கள். இணையத்தில் ஆறு கேள்விகளுக்குப் பதில் சொன்னதில் "வாய்ப்பு அதிகம்" என்று வந்தது. வீடியோ வழியாக ஒரு மருத்துவர் இருபது நிமிடம் பேசிவிட்டு "ஆமாம்" என்றார். நேரில் பார்த்த இன்னொருவர், "எம்.காம். முதல் வகுப்பு வாங்கினவங்களுக்கு ஏடிஹெச்டி எப்படி இருக்கும்?" என்று ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார். கோடை விடுமுறைக்குத் தம்பி குடும்பம் ஊருக்கு வந்தபோது, அந்தப் பையனின் மாத்திரையில் மூன்றை எடுத்து வைத்துக்கொண்டு ஒன்றைப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு மணி நேரத்தில் மனசு "கூட்டிப் பெருக்கின பட்டாலை (வீட்டுக் கூடம்) மாதிரி" ஆகிவிட்டதாம். மூன்று மாதமாகக் கிடந்த கணக்கை அன்றே உட்கார்ந்து முடித்துவிட்டார்.

அவர் கேட்பது இதுதான்: "மாத்திரை வேலை செஞ்சிருச்சே, அப்ப எனக்கு இருக்குன்னுதானே அர்த்தம்? இல்ல, என் சோம்பேறித்தனத்துக்கு ஒரு பேரு தேடுறேனா? இருக்குன்னு எழுதிட்டா நாளைக்கு மக கல்யாணத்துக்கு வில்லங்கம் வருமா?"

அன்புள்ள ஆச்சி,

நம் பக்கத்து வழக்கப்படி ஆச்சி என்றே எழுதுகிறேன். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இதை மட்டும் வைத்து உங்களுக்கு ஏடிஹெச்டி இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒரு மனநல மருத்துவராக நான் சொல்லக் கூடாது. சொன்னால், ஐந்து நிமிடத்திலும் இருபது நிமிடத்திலும் முடிவு சொன்னவர்கள் செய்ததையே நானும் செய்ததாகும். ஆனால் உங்கள் கடிதத்துக்குள் இரண்டு கதைகள் பின்னிக் கிடக்கின்றன. நான்காம் பக்கத்தில் இருப்பது எட்டு வயதில் நீங்கள் இருந்த கதை. ஒன்பதாம் பக்கத்தில் இருப்பது கடந்த இரண்டு வருடத்தின் கதை. அந்த இரண்டையும் பிரித்துப் படிக்க நேரம் ஒதுக்கும் ஒருவரிடம் நீங்கள் போய்ச் சேர வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்த மாத்திரை எதைக் காட்டியது?

தம்பி மகனுக்குக் கொடுப்பது மெத்தில்ஃபெனிடேட் என்று எழுதியிருக்கிறீர்கள். மூளையில் டோபமைன், நார்அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருள்களை நரம்பு செல்களுக்கு நடுவே கூடுதல் நேரம் தங்கவைக்கும் மருந்து அது. ஏடிஹெச்டி இல்லாதவருக்கும் அது விழிப்பைக் கூட்டும், சலிப்பான வேலையில் உட்காரவைக்கும். ஒரு காலத்தில் மருத்துவர்களிலேயே பலர், "மருந்து கேட்டால் நோய் இருக்கிறது என்று அர்த்தம்" என்று நம்பினார்கள். 1978ல் அமெரிக்காவில் ஜூடித் ராப்போபோர்ட் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும், எந்தக் குறைபாடும் இல்லாத சிறுவர்களுக்கு இதே இனத்தைச் சேர்ந்த டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமினை ஒரு வேளை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகளும் அலையாமல் உட்கார்ந்தார்கள், அவர்களுக்கும் கவனம் கூடியது. அதனால் அன்று நீங்கள் கணக்கை முடித்தது மருந்தின் குணத்தைத்தான் காட்டுகிறது. உங்களுக்கு என்ன இருக்கிறது என்பதை அது காட்டவில்லை.

அந்த மாத்திரையைப் போட்ட நேரத்தில் உங்கள் ரத்த அழுத்தம் என்ன, இதயம் எப்படி என்று யாருக்கும் தெரியாது. இது நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கூட்டும். பசியையும் தூக்கத்தையும் குறைக்கும். இதயக் கோளாறு, அதிகமாகச் சுரக்கும் தைராய்டு, கண் அழுத்த நோய் இருப்பவர்களுக்கு ஆபத்தாகலாம். மருந்துச் சட்டத்தில் இது எக்ஸ் அட்டவணையில் இருக்கிறது. மருத்துவர் சீட்டை இரண்டு பிரதியாக எழுத வேண்டும், கடைக்காரர் ஒன்றை இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் இது உண்டு. அதனால் சொந்தத் தம்பி வீடாகவே இருந்தாலும் ஒருவர் மாத்திரையை இன்னொருவர் எடுப்பதைச் சட்டமும் ஏற்காது. 2020ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி, வீடியோவில் பார்த்த மருத்துவர் இதை எழுதித் தரவும் கூடாது. கூரியரில் அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள்.

உங்களைக் கண்டிப்பதற்காக இதை எழுதவில்லை. ஒரே ஒரு பிற்பகல் மனசு ஓய்ந்திருந்ததைப் பற்றி நீங்கள் எழுதிய வரியில் எத்தனை வருடக் களைப்பு இருக்கிறது என்பது எனக்குத் தெரிகிறது.

முதல் வகுப்பு வாங்கியவருக்கு வராதா?

இதில் உங்களைப் பார்த்த மருத்துவரோடு எனக்கு உடன்பாடு இல்லை.

பெயரில் கவனக்குறைவு என்று இருப்பதால் இவர்களுக்குக் கவனமே வராது என்று பலர் நினைக்கிறார்கள். கவனம் வரும், அதைத் திருப்பும் கடிவாளம்தான் கைக்கு அடங்காது. அவசரம், புதுமை, மனசுக்குப் பிடித்தது என்று ஏதாவது ஒன்று இருந்தால் குதிரை பறக்கும். ஒரு கல்யாணத்துக்கு ஒரே ராத்திரியில் 500 மாவுருண்டை பிடித்ததை எழுதிவிட்டு, "இப்படி முடியுறவளுக்கு எப்படிங்க நோய் இருக்கும்?" என்று கேட்கிறீர்கள். விடிந்தால் முகூர்த்தம் என்ற நெருக்கடியில் முடிந்ததும், மாதக் கணக்கை எழுதுவதற்கு மூன்று மாதம் முடியாமல் போனதும் ஒரே ஆளிடம் இருக்கலாம். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் சுற்றி இருப்பவர்கள் "நெனச்சா செய்யுறா, நெனக்கலைன்னா இல்ல" என்று படித்துக்கொள்கிறார்கள். நீங்களே உங்களை அப்படித்தான் படித்துவைத்திருக்கிறீர்கள்.

நீங்கள் வளர்ந்த வீட்டைப் பற்றி எழுதியிருப்பதைக் கவனியுங்கள். காலை ஐந்து மணிக்கு அப்பத்தா எழுப்புவார். பள்ளிப்பை இரண்டாங்கட்டில் அதே ஆணியில் தொங்கும். இரவு எட்டு மணிக்கு அப்பச்சி (அப்பா) முகப்பில் உட்கார்ந்து பாடத்தை ஒப்பிக்கச் சொல்வார். விசேஷம் என்றால் யாருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது முறைச்சிட்டையில் எழுதியிருக்கும். ஞாபகம் வைக்கிற வேலையை அந்த வீடே உங்களுக்காகச் செய்தது. கல்யாணமானதும் வழக்கப்படி உங்களை வேறு வைத்தார்கள். அரிசி, பருப்பு, அடுப்பு, வரவு செலவு எல்லாம் தனி. "வேறு வச்ச மூணாவது மாசமே மாமியா எங்க ஆத்தாட்ட என்னயப் பத்தி வருத்தமாச் சொல்லிட்டாக" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி எனக்கு உங்கள் மதிப்பெண் பட்டியலைவிட முக்கியம். படிப்பில் கெட்டியான பெண் பிள்ளைகளுக்கு ஏடிஹெச்டி இருந்தால் பல நேரம் இப்படித்தான் தாமதமாகத் தெரியவரும். சுவர் இருக்கிறவரை சாய்ந்து நிற்பார்கள். சுவரை எடுத்த பிறகுதான் தள்ளாட்டம் கண்ணில் படும்.

அடங்காமல் ஓடுகிற பையனுக்குத்தான் இது வரும் என்ற எண்ணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1902ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் தன் விரிவுரைகளில் விவரித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆண் பிள்ளைகள். துள்ளல் இல்லாமல் கவனச் சிதறல் மட்டும் இருக்கலாம் என்பதை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1980ல்தான் ஒப்புக்கொண்டது. அதன் 2013 பதிப்பு இன்னும் இரண்டு மாற்றங்களைச் செய்தது. பிள்ளைகளுக்கு ஒன்பது அறிகுறிகளில் ஆறு வேண்டும், பெரியவர்களுக்கு ஐந்து போதும் என்றது. ஏழு வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும் என்று இருந்ததைப் பன்னிரண்டு ஆக்கியது. அந்த வயதுக்குள் படிப்பு கெட்டிருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. அறிகுறிகளில் சில அப்போதே தென்பட்டிருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது.

உங்கள் நான்காம் பக்கத்தில் அவை தென்படுகின்றன. வாரத்துக்கு ஒரு டிபன் பாக்ஸைத் தொலைத்தது. ஆசிரியை மூன்றாம் முறை கூப்பிட்ட பிறகு திரும்பிப் பார்த்தது. ரேங்க் கார்டில் வருடா வருடம் "கவனப் பிழைகள்" என்று எழுதி வந்தது. பிள்ளையார் நோன்பன்று இழை எடுத்துக்கொள்ள வீடே காத்திருக்க, நீங்கள் தெருக்கோடியில் பூனைக்குட்டியோடு உட்கார்ந்திருந்தது. இதில் எதுவும் தனியாக ஒன்றையும் நிரூபிக்காது. இவற்றில் ஒன்றிரண்டு எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கும். வருடக்கணக்காக, வீட்டிலும் பள்ளியிலும், மற்ற பிள்ளைகளைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு வருடத்துக் கதை

இப்போது ஒன்பதாம் பக்கத்துக்கு வருகிறேன். இணையத்தில் நீங்கள் பதில் சொன்ன ஆறு கேள்விகள், உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய 18 கேள்விகளின் முதல் பகுதியாகத்தான் இருக்க வேண்டும். நல்ல கருவிதான், ஆனால் அது சல்லடை மட்டுமே. கடந்த ஆறு மாதம் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். எட்டு வயதில் எப்படி இருந்தீர்கள், இந்த ஆறு மாதத்தில் வேறென்ன நடந்தது என்று கேட்காது.

வேறு நிறைய நடந்திருக்கிறது. அப்பச்சி இறந்து இரண்டு வருடம். பலகார வேலைக்காக நாலு மணிக்கு எழுகிறீர்கள், கணவரோடு பேசி, வீடியோ பார்த்துப் படுக்கும்போது பன்னிரண்டு. நாலு மணி நேரம் தூங்குகிற எவருக்கும் அடுப்பில் எண்ணெய் இருப்பது மறக்கும். மாதவிலக்கு எட்டு நாள், கட்டி கட்டியாக. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது. ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் மறதியாகவும் மந்தமாகவும் மனநல மருத்துவரிடம் வந்து நிற்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அப்புறம் பத்தாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அப்பச்சி போனதிலேருந்து எதுலயும் ருசி இல்ல." பதினோரு பக்கத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது அந்த வரிதான். மனச்சோர்வு கவனத்தை மிக மோசமாகத் தின்னும். அதற்குத் தனியாக சிகிச்சை வேண்டும். ஏடிஹெச்டி இருக்கிறதா இல்லையா என்று தெரியும்வரை அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

நியூசிலாந்தின் டனீடின் நகரத்தில் 1972, 73ல் பிறந்த 1,037 பேரைச் சிறுவயது முதல் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அவர்களுக்கு 38 வயதானபோது ஏடிஹெச்டிக்கான அறிகுறிகள் யாருக்கு இருக்கின்றன என்று பார்த்தார்கள். அப்படி இருந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சிறுவயதில் அது இருந்ததில்லை என்று 2015ல் வெளியிட்டார்கள். அவர்கள் யாரும் நடிக்கவில்லை, அவர்களுடைய சிரமமும் உண்மைதான். சிறுவயதிலிருந்து வருகிற ஏடிஹெச்டி என்று அதற்குப் பெயர் வைக்க முடியாது, அவ்வளவே. பெரியவர்களிடம் இதே அறிகுறிகள் தென்படுவதற்கு வேறு பல வழிகள் இருக்கின்றன.

உங்கள் விஷயத்தில் என் அனுமானத்தைக் கேட்டால், அசல் ஒன்று இருக்கக்கூடும், அதன் மேல் இரண்டு வருட வட்டி ஏறியிருக்கிறது என்று சொல்வேன். வட்டி உறுதியாகத் தெரிகிறது. அசல் இருக்கிறதா என்பதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதலில் ஹீமோகுளோபின், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், வைட்டமின் பி12 ஆகிய நான்கையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். அதிக உதிரப்போக்குக்காக மகப்பேறு மருத்துவர் ஒருவரையும் பாருங்கள். "பொம்பளைக்கு இதெல்லாம் சகஜம்" என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு நாளும் கட்டி கட்டியாகப் போவதும் சகஜம் கிடையாது ஆச்சி.

சரியான மதிப்பீடு எப்படி இருக்கும்?

ஏடிஹெச்டியை ரத்தப் பரிசோதனையிலோ மூளை ஸ்கேனிலோ கண்டுபிடிக்க முடியாது. ஸ்கேன் எடுத்துச் சொல்கிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு மணி நேரப் பேச்சு; சில நேரம் இரண்டு தடவையாக நடக்கும். ஒவ்வோர் அறிகுறியையும் இப்போது எப்படி, பத்து வயதில் எப்படி என்று உதாரணத்தோடு கேட்பார்கள். தூக்கம், துக்கம், பதற்றம், திடீரென்று நாள்கணக்கில் உற்சாகம் பொங்கியது உண்டா என்பதையும் கேட்பார்கள். இதையெல்லாம் கேட்காமல் "ஆமாம்" என்றாலும் "இல்லை" என்றாலும் அதை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் பார்த்த இருவரும் உங்கள் ஆத்தாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது அதுதான்.

ஆத்தாவைக் கூடவே அழைத்துப் போங்கள். ஆனால் ஒன்று: "சின்ன வயசுல இவங்க எப்படி இருந்தாங்க?" என்று மருத்துவர் கேட்டால், ஆத்தா "தங்கமான புள்ள" என்றுதான் சொல்வார். பெற்ற மகளை வெளி ஆளிடம் விட்டுக்கொடுக்க மனசு வராது. அதனால் அதற்கு முன்பே வீட்டில் வைத்துச் சின்னச் சின்னதாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பள்ளிப்பையை யார் அடுக்கினார்கள்? வருடத்துக்கு எத்தனை குடை வாங்கினீர்கள்? கடைக்கு அனுப்பினால் சொன்ன சாமானோடு திரும்பி வந்தீர்களா? பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியில் ரேங்க் கார்டுகள் கிடக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அவற்றில் மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டாம், ஆசிரியர் கையால் எழுதிய குறிப்புகளைப் பாருங்கள்.

எங்கே போவது? சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. இரண்டும் காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்பக்கூடிய தூரம். தனியார் மருத்துவர் என்றால் முதலிலேயே போனில் கேளுங்கள்: "பெரியவங்களுக்கு ஏடிஹெச்டி மதிப்பீடு செய்யுறீங்களா? எவ்வளவு நேரம் ஒதுக்குவீங்க?" இரவில் அப்பச்சி நினைவு தாங்க முடியாமல் போனால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு சேவை, கட்டணம் கிடையாது, இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசலாம்.

பெயர் எழுதிவிட்டால் வில்லங்கமா?

2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் இதில் உங்கள் பக்கம் இருக்கிறது. அதன் 23ஆம் பிரிவின்படி உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்க மருத்துவர் கடமைப்பட்டவர். நீதிமன்ற உத்தரவு, உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் தவிர, மாமியார் வீட்டிலிருந்து யார் வந்து கேட்டாலும் உங்கள் சம்மதம் இல்லாமல் சொல்லக் கூடாது. மனநோய்க்குச் சிகிச்சை பெற்றார் என்பதை மட்டும் வைத்து ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று சொல்ல முடியாது என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் மனநோயையும் உடல்நோயைப் போலவே நடத்த வேண்டும் என்று 21ஆம் பிரிவு சொல்கிறது. பாலிசிப் படிவத்தில் கேட்டால் மட்டும் மறைக்காதீர்கள். பின்னால் பணம் கேட்கும்போது சிக்கலாகும். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பட்டியலிட்ட 21 வகைகளில் ஏடிஹெச்டி தனியாக இல்லை. அதனால் சான்றிதழ், சலுகை என்று எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஊர்ப் பேச்சைச் சட்டம் தடுக்காது என்பதும் உண்மை. யாரிடம் சொல்வது என்பதை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கணவரிடம் சொல்லுங்கள் என்பது என் கருத்து. இரண்டு வருடமாக அவருக்குத் தெரியாமல் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். வெளிநாட்டில் இருந்தாலும் அவர் கேட்டுக்கொள்ளக்கூடியவர் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. நாத்தனாரிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. "முறை செய்ய மறந்துட்டேன், அது என் தப்பு, மனசுல வச்சுக்காதீக" என்று நேரில் போய்ச் சொன்னால் போதும். அதற்கு நோயறிதல் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

மகளுக்கும் வருமோ என்று ஓர் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் ஏடிஹெச்டியில் மரபின் பங்கு 70 முதல் 80 சதவீதம் என்கின்றன. அதை மகளுக்கு 80 சதவீதம் வரும் என்று வாசித்துவிடாதீர்கள். ஒரு சமூகத்தில் ஆளுக்கு ஆள் காணும் வித்தியாசத்தில் எவ்வளவு மரபால் வருகிறது என்பதன் கணக்கு அது. தம்பி மகனுக்கு இருப்பதால் உங்கள் வீட்டில் இன்னொருவருக்கு இருக்க வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். மகள் பள்ளியில் சிரமப்படுகிறாளா என்று கவனியுங்கள். சிரமம் இல்லையென்றால் அவளை விளையாட விடுங்கள்.

அதுவரை ஓர் அடுத்தாள்

பர்மாவிலும் மலாயாவிலும் நம் ஊர்க்காரர்கள் கடை வைத்திருந்த காலத்தில் பொறுப்பாளராக மேலாள், அவருக்கு உதவியாக அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை இருந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எவ்வளவு கெட்டிக்கார மேலாளாக இருந்தாலும் அவருடைய ஞாபகத்தை நம்பி யாரும் கடை நடத்தவில்லை. அன்றன்று பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை போட்டு ஊருக்கு அனுப்பினார்கள். உங்கள் பலகாரக் கடையில் நீங்கள் ஒருவரே மேலாளும் அடுத்தாளும் பெட்டியடியுமாக இருக்கிறீர்கள். ஏடிஹெச்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்களுக்கு ஓர் அடுத்தாள் வேண்டும்.

மாவு இடிக்க வரும் அக்காவை அந்த வேலைக்குப் பிடியுங்கள். சமையற்கட்டுச் சுவரில் ஒரு பலகை மாட்டி, ஆர்டரையும் தேதியையும் கிழமையையும் எழுதுங்கள். தினமும் வேலை தொடங்கும் முன் அந்த அக்கா அதைச் சத்தமாகப் படிக்கட்டும். போனில் ஆர்டர் சொல்பவர்களிடம், "வாட்ஸ்அப்புல தேதியோட அனுப்புங்க, அப்பத்தான் கணக்கு" என்று சொல்லிவிடுங்கள். எண்ணெய் அடுப்பில் இருக்கும்வரை போன் முகப்பில் இருக்கட்டும். கரண்ட் பில்லுக்கு வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கட்டும் ஏற்பாடு செய்யுங்கள். கணக்குக்கு இரவு எட்டு மணி, பதினைந்து நிமிடம். தேவகோட்டையில் இருக்கும் உங்கள் அக்காவை வீடியோவில் கூப்பிட்டு, அவர் தன் வேலையைப் பார்க்க, நீங்கள் உங்கள் கணக்கை எழுதுங்கள். பேச வேண்டாம், எதிரே ஒருவர் இருப்பதே உட்காரவைக்கும். அப்பச்சி முகப்பில் உட்கார்ந்திருந்த அதே எட்டு மணி.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். முதல் வாரம் உற்சாகமாக இருக்கும், மூன்றாம் வாரம் பலகை வெறுமையாகக் கிடக்கும், அதைப் பார்த்து மறுபடியும் உங்களையே திட்டிக்கொள்வீர்கள். பலகையும் எண்ணெய் விதியும் மட்டும் முதலில். அவை நின்ற பிறகு அடுத்தது. தூக்கத்தை ஆறரை மணி நேரமாவது ஆக்க, இரவு வீடியோக்களை நிறுத்தவே வேண்டும்.

மதிப்பீட்டில் ஏடிஹெச்டி என்று உறுதியானால் சிகிச்சை இருக்கிறது. ரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் பார்த்துவிட்டு, மெத்தில்ஃபெனிடேட்டைக் குறைந்த அளவில் தொடங்கிக் கூட்டலாம். அது ஒத்துவராவிட்டால் அட்டமாக்சிடின் இருக்கிறது. அதன் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மேலே சொன்ன பழக்கங்களை முறையாகக் கற்றுக்கொடுக்கும் மனநல ஆலோசனையும் உண்டு. இன்னொரு குழந்தைக்கு எண்ணம் இருந்தால் மருந்து தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஏடிஹெச்டி இல்லை என்று வந்தால், ரத்தசோகைக்கும் துக்கத்துக்கும் தூக்கத்துக்கும் செய்ய வேண்டியது அப்படியே இருக்கிறது. அந்தப் பதிலை "அப்ப நான் சோம்பேறிதான்" என்று தயவுசெய்து மொழிபெயர்த்துக்கொள்ளாதீர்கள். நாலு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டும் ஒருவரைச் சோம்பேறி என்று எழுத எந்த மருத்துவப் புத்தகத்திலும் இடமில்லை.

மிச்சம் இருக்கும் இரண்டு மாத்திரைகளையும் தம்பியிடம் சேர்த்துவிடுங்கள். பையனுக்கு எண்ணிக் கொடுக்கும் மருந்து அது, கணக்கில் குறைந்தது அவர்களுக்கும் தெரிய வேண்டும். உங்கள் கடிதத்தின் நகலைத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மருத்துவரிடம் போகும்போது அதை எடுத்துச் சென்று, நான்காம் பக்கத்தையும் ஒன்பதாம் பக்கத்தையும் முதலில் படிக்கச் சொல்லுங்கள். பத்தாம் பக்கத்தில் அந்த ஒரு வரியின் கீழே கோடு போட்டிருக்கிறேன்.